ஒரிகனில் நடந்தால் உயிரியல் பயங்கரவாதம், வேங்கைவயலில் நடந்தால்?

உயிரியல் அச்சுறுத்தல்கள் பற்றிப் படிக்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படும் கதைகளில் ஒன்று இது. 1984இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ரஜ்னீஷ் ஆசிரமத்துக்காரர்கள் (நம் நாட்டு ஏற்றுமதிதான்) பத்து உணவகங்களின் சாலட்டில் சால்மோனெல்லா கிருமியைக் கலந்தார்கள். ஊர்க்காரர்கள் நோயில் விழுந்து வாக்களிக்க வராமல் போனால் உள்ளூர்த் தேர்தலைப் பிடித்துவிடலாம் என்று கணக்கு. 751 பேர் நோயுற்றார்கள். ஒருவரும் சாகவில்லை. ஆனாலும் அது உயிரியல் பயங்கரவாதம் என்பதில் எந்தப் பேராசிரியருக்கும் ஐயமில்லை. கிருமி, பரப்பும் வழி, கெடுக்கும் நோக்கம் மூன்றும் இருந்ததே!

அதே அளவுகோலோடு புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலுக்கு வாருங்கள். 2022 டிசம்பர். குழந்தைகள் உடல்நலம் கெட்டு மருத்துவமனைக்குப் போகிறார்கள். குடிநீரைப் பாருங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். பட்டியல் சாதி மக்களின் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால் மனித மலம். மலத்தின் வழியாக டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை எல்லாம் பரவும். வழி, குடிநீர். நோக்கம்? தற்செயலாக யாரும் தொட்டி மேல் ஏறி மலம் போடுவதில்லை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே மக்களில் மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது; அவர்கள் அதை ஏற்கவில்லை. செய்தது யார் என்ற வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். என் பாடத்திட்டத்தில் ஒரிகனுக்கு ஒரு வகுப்பு முழுதும் இருந்தது; வேங்கைவயலுக்கு ஒரு வரிகூட இல்லை.

காஞ்சிபுரத்தில் துப்புரவுப் பணியாளர்களிடையே எலிக்காய்ச்சல் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. திட்டத்தை முன்வைத்த அன்று குழுவில் ஒருவர் சொன்னார்: “சாதியைச் சமூகவியல்காரங்க பார்த்துப்பாங்க. நீங்க பாக்டீரியாவைப் பாருங்க.” பார்ப்போமே. லெப்டோஸ்பைரா எலியின் சிறுநீரில் வெளியேறும், தேங்கிய நீரில் உயிரோடு கிடக்கும், காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியே உடம்புக்குள் புகும். பூட்ஸ் இல்லாமல் சாக்கடையில் நிற்கும் அந்தக் கால் யாருடையது என்பதைப் பாக்டீரியாவா முடிவு செய்தது?

2019இல் எங்கள் ஊரில் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்தார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். பெருந்திரள் கூடுமிடங்களில் தொற்று எப்படிப் பரவும் என்பது எங்கள் படிப்பில் தனிப் பிரிவு. ஹஜ், கும்பமேளா என்று எடுத்துக்காட்டுகள் வரும். அங்கே எண்ணப்படுவது பக்தர்களின் தலை. அவர்கள் விட்டுப்போன மலத்தையும் எச்சில் இலையையும் அள்ளிய கைகளுக்குக் கணக்கில்லை.

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் தொடங்கியது. எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள். மூன்றிலும் சாதிக்கு ஒரு கட்டம் கிடையாது. கேட்டால், ‘நோயில் சாதியைக் கலக்காதீர்கள்’ என்கிறார்கள். 2020இல் நிஜாமுதீன் கூட்டத்தை வைத்துக் கொரோனாவுக்கே மதம் கண்டுபிடித்த நாடு இது! பழி போட மதம் தேவைப்பட்டது. காரணம் சொல்லச் சாதி மட்டும் ஆகாது. தனி மனிதர் பெயரோடு சாதியை வெளியிடச் சொல்லவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு ரத்தசோகையைச் சாதிவாரியாகத்தானே வெளியிடுகிறது? தொற்றுநோய் என்றால் மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின். விலை மலிந்த மாத்திரை. 2018 வெள்ளத்தில் கேரளம் மீட்புப் பணியில் இறங்கியவர்களுக்கெல்லாம் கொடுத்தது. மழைக்காலத்தில் காஞ்சிபுரத்தின் அடைப்பை எடுக்க இறங்குகிறவரும் அதே தண்ணீரில்தான் நிற்கிறார். மாத்திரையைக் கொடுத்துவிட்டு மறுபடி சாக்கடையில் இறக்கிவிடவும் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது 2013இல். இயந்திரம் எங்கே என்று மாநகராட்சியைக் கேட்க வேண்டியது துப்புரவுத் தொழிலாளர் சங்கம் மட்டும்தானா? தொற்றுநோயியல் துறைகளும் எழுதிக் கேட்கட்டும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே.