கூரையும் உரிமையும்

அடியுண்டு நிற்கும் மருமகளிடம், "வீடு மாமனார் பெயரிலன்றோ உள்ளது? உனக்கேது உரிமை?" என்போர் நம்மிடையேயும் உளர். 2006-இல், தில்லி வழக்கொன்றில் உச்சநீதிமன்றமும் ஏறக்குறைய அவ்வாறே கூறிற்று. ஆயின் 2020 அக்டோபர் 15-ஆம் நாள், வேறொரு தில்லி வழக்கில், அத்தீர்ப்புத் தவறென அம்மன்றமே உரைத்தது. இல்லறம் நடத்திய வீடு மாமனாருடையதாயினும் மருமகள் அங்கே வசிக்கும் உரிமை கோரலாம். அது சொத்துரிமையன்று, தங்கும் உரிமை. முதியோரின் அமைதியையும் நீதிபதி சீர்தூக்குவார்.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, தற்சமயம் தங்கியுள்ள இடத்து மாஜிஸ்திரேட்டிடமே மனுச் செய்யலாம். துவாரகாவில் நீதிமன்றம் அருகிலேயே உளது. பெண்களுக்கு இலவச வக்கீல் உதவியும் உண்டு.

தாய்வீட்டிற்கு இரண்டு இரவுகள் இரயிலேற வேண்டிய பெண்ணுக்கு, நீதிமன்ற வாயில்வரை துணை செல்வோர் அண்டை வீட்டாராகிய நாமேயன்றி வேறு யாவர்?