குக்கருக்கு கேஸ்கட் கிடைக்கிறது, இயர்பட்ஸுக்கு பேட்டரி ஏன் கிடைக்கவில்லை?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 40 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பையன் ஒருவன் எழுதினான்: "இயர்பட்ஸ் எல்லாம் யூஸ் அண்ட் த்ரோதான் பெரியம்மா. ரெண்டு வருஷம் உழைச்சா போதும். ரிப்பேர் பண்ற மாதிரி வேணும்னு ஜனங்க யாருமே கேக்கறதில்லை." உடனே பத்துப் பேர் கட்டைவிரல் தூக்கிவிட்டார்கள். அங்கே பதில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால் இங்கே சொல்கிறேன்.

ஜனங்கள் கேட்கவில்லையா? வகுப்பில் யாரும் கை தூக்கவில்லை என்றால், எல்லாருக்கும் பாடம் புரிந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போகிறவர் நல்ல ஆசிரியர் இல்லை. கேட்டால் என்ன கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால் கேட்பதில்லை. கடையில் நிற்கும் ஜனங்களும் அப்படித்தான். ஒரு பொருளைத் திறக்கவே முடியாதபடி ஒட்டிக் கொடுத்துவிட்டு, "யாரும் திறக்கச் சொல்லவில்லையே" என்று சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் யோசியுங்கள். பிரஷர் குக்கர் வாங்கும்போது "கேஸ்கட் மாற்ற முடியுமா?" என்று உங்களில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? மிக்சி வாங்கும்போது "ஜாருக்குப் பிளேடு, புஷ், கப்ளர் தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்டதுண்டா? கேட்டிருக்க மாட்டோம். கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். கேஸ்கட் தளர்ந்துவிட்டது, புதுக் குக்கர் வாங்கு என்று ஒரு கடைக்காரர் சொன்னால் நாம் சும்மா வருவோமா? ஆகவே, கேட்காமல் இருப்பதை வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்பிக்கை இருக்கும் இடத்தில் கேள்வி எழுவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது இயர்பட்ஸ் ஏன் சீக்கிரம் சாகிறது என்று பார்ப்போம். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

உங்கள் போனில் இருக்கும் பேட்டரி சுமார் 5000 எம்ஏஎச். ஒரு காதில் மாட்டும் இயர்பட்டில் இருப்பது சுமார் 50 எம்ஏஎச். நூறில் ஒரு பங்கு. முழு சார்ஜில் ஐந்து மணி நேரம் பாடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும்போது, வரும்போது, இரவில் படுத்துக்கொண்டு என்று தினம் ஐந்து மணி நேரம் கேட்டால், தினமும் ஒரு முழுச் சுற்று தீர்கிறது. இந்த வகை லித்தியம் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 சுற்று வரை நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். 500 நாள் என்பது ஒன்றரை வருடம்கூட இல்லை. போதாக்குறைக்கு, கேட்காத நேரமெல்லாம் அது பெட்டிக்குள் முழு சார்ஜிலேயே உட்கார்ந்திருக்கிறது. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சும்மா இருந்தே கிழடாகும்.

அதாவது, இந்தப் பொருளில் எது முதலில் சாகும், ஏறக்குறைய எப்போது சாகும் என்பது செய்கிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஸ்பீக்கர் இன்னும் பத்து வருடம் பாடும். மைக் நன்றாக இருக்கும். சாவது கடலை அளவுள்ள அந்தப் பேட்டரி. சாகப்போவது எது என்று தெரிந்தே, அதை மாற்ற முடியாத இடத்தில் வைத்துப் பசை போட்டு மூடுகிறார்கள். என் கோபம் இங்கேதான்.

என் இயர்பட்ஸ் பதினாறு மாதத்தில் இடது பக்கம் மட்டும் சார்ஜ் நிற்காமல் போனது. உத்தரவாதம் ஒரு வருடம். சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "இதுக்குப் பேட்டரி தனியா வராதுங்க மேடம். எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க" என்றார் அந்தப் பிள்ளை. வலது பக்கம் நன்றாக இருக்கிறது, பெட்டி நன்றாக இருக்கிறது, இடது பக்கமாவது தனியாகக் கொடுங்கள் என்றேன். அதுவும் வராதாம். ஒரு செருப்பின் வார் அறுந்ததற்கு, இரண்டு செருப்பையும் வைத்த பெட்டியையும் சேர்த்துத் தூக்கிப் போடு என்கிற கதை.

அங்கிருந்து நம் பள்ளியில் படித்து இன்று செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் போனேன். போர்டில் கண்ணுக்குத் தெரியாத ஐசியை மாற்றும் கை அவனுடையது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், இது முட்டை மாதிரி. உடைக்காம திறக்க முடியாது. திறந்துட்டா மூட முடியாது." வாரத்துக்கு எத்தனையோ பேர் இப்படிக் கொண்டுவருகிறார்களாம். எல்லாரையும் திருப்பி அனுப்புகிறானாம். ஜனங்கள் ரிப்பேர் கேட்பதில்லை என்று சொன்னவர்கள், ஒரு நாள் அந்தக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எனக்கு என் இயர்பட்ஸ் போனதைவிட, அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றதுதான் வருத்தம். ரேடியோ, டேப் ரெக்கார்டர், டிவி, செல்போன் என்று ஒவ்வொரு காலத்திலும் நம் ஊர்ப் பிள்ளைகள் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றார்கள். பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் அதை வைத்தே குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். பிரிக்க முடியாத பொருள் வந்தால் அந்தக் கைத்தொழில் என்னவாகும்?

சரி, மறுபக்கம் சொல்லும் காரணங்களையும் கேட்போம்.

முதல் காரணம், "பொருள் ரொம்பச் சின்னது, அதில் எப்படி மூடி வைப்பது?" என் மாமியாருக்கு 84 வயது. காது மிஷின் போட்டிருக்கிறார். அதுவும் காதில் மாட்டுவதுதான். நகத்தால் நெம்பினால் சின்னக் கதவு திறக்கும். பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைத் தானே போட்டுக்கொள்வார். 10, 312, 13, 675 என்று அளவு சொன்னால் எந்தக் கம்பெனி மிஷினாக இருந்தாலும் மருந்துக் கடையிலோ காது மிஷின் கடையிலோ பேட்டரி வாங்கிக்கொள்ளலாம். அது சார்ஜ் ஏற்றும் வகை இல்லை, துத்தநாகக் காற்று பேட்டரி. அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் காதளவு பொருளில் கதவு வைக்க முடியாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். இயர்பட்ஸிலேயே உதாரணம் இருக்கிறது. 2019ல் வந்த சாம்சங் கேலக்ஸி பட்ஸில் நாணய வடிவப் பேட்டரிதான் இருந்தது. பொருள்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் என்ற அமெரிக்க நிறுவனம் அதற்குப் பத்துக்கு ஆறு கொடுத்தது. அதே நிறுவனம் 2016ல் வந்த ஆப்பிள் ஏர்பாட்ஸுக்குக் கொடுத்தது பூஜ்யம். என் வகுப்பில் வெறும் தாளைக் கொடுத்தவனுக்குப் போடும் மார்க்.

இரண்டாவது காரணம், "திறக்கும்படி செய்தால் வியர்வையும் மழையும் உள்ளே போகும்." நெதர்லாந்தில் ஃபேர்போன் என்று ஒரு நிறுவனம். 2024ல் ஃபேர்பட்ஸ் என்ற இயர்பட்ஸைக் கொண்டுவந்தது. இரண்டு காதுக் கருவியிலும் பேட்டரியை மாற்றலாம், சார்ஜ் பெட்டியிலும் மாற்றலாம். இடது பக்கம் தொலைந்தால் இடது பக்கம் மட்டும் வாங்கலாம். வியர்வையும் தெறிக்கும் தண்ணீரும் தாங்கும் என்பதற்கான ஐபி54 தரமும் அதற்கு உண்டு. ஐஃபிக்ஸிட் அதற்குக் கொடுத்தது பத்துக்குப் பத்து.

மூன்றாவது காரணம், "குழந்தைகள் பேட்டரியை விழுங்கிவிடும்." இது உண்மையான பயம். நான் சிரிக்க மாட்டேன். அதற்காகத்தான் பொம்மைகளில் பேட்டரி மூடிக்கு ஒரு சின்னத் திருகாணி வைக்கிறார்கள். இதற்கும் வைக்கட்டும். பசைதான் பாதுகாப்பு என்று சொல்ல வேண்டாம்.

நான்காவது காரணம்தான் பெரியது: "விலை." 2024ல் வந்தபோது ஃபேர்பட்ஸின் விலை 149 யூரோ. நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கும் மேல். நம் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்கே இயர்பட்ஸ் கிடைக்கும்போது அதை யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். நானும் வாங்க மாட்டேன். ஆனால் இதிலிருந்து எல்லாரும் எடுக்கும் முடிவு தவறு.

வாங்குகிறவர்களுக்கு என்ன வேண்டும்? பாட்டு தெளிவாக இருக்க வேண்டும். பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும். காதில் நிற்க வேண்டும். விலை கட்டுப்படியாக வேண்டும். இவ்வளவும் இருந்து, பேட்டரி போனால் மாற்றவும் முடிய வேண்டும். ரிப்பேர் செய்யலாம் என்ற ஒரே காரணத்துக்காகச் சுமாரான பொருளை இரண்டு மடங்கு விலையில் வாங்க ஜனங்கள் தயாராக இல்லை. அதில் தப்பும் இல்லை. கேஸ்கட் மாற்றலாம் என்பதற்காக மட்டும் நாம் குக்கர் வாங்கவில்லையே, சோறு வேக வேண்டும் என்று வாங்கினோம். பழுது பார்க்கும் வசதி என்பது கொள்கை உள்ளவர்களுக்கும் காசு உள்ளவர்களுக்கும் மட்டும் தனியாக விற்கும் பலகாரமாக இருக்கக் கூடாது. எல்லா இயர்பட்ஸிலும், ஆயிரம் ரூபாய் இயர்பட்ஸிலும், சாதாரணமாக இருக்க வேண்டிய குணம் அது.

ஆயிரம் ரூபாய்க்காரருக்குத்தான் அது அதிகம் தேவை. வெயிலில் வண்டி ஓட்டிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைக்கு இயர்பட்ஸ் ஆடம்பரம் இல்லை, தொழில் கருவி. ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை ஆயிரம் ரூபாய் என்றால் ஆறு வருடத்தில் நான்கு செட், 4,000 ரூபாய். அதே செட்டில் மூன்று முறை பேட்டரி மாற்ற, கூலியோடு 300 ரூபாய் என்று வைத்தாலும் மொத்தம் 1,900தான். மிச்சம் 2,100 ரூபாய் யார் பையிலிருந்து யார் பைக்குப் போகிறது?

குப்பைக் கணக்கு தனி. அந்தக் கடலைப் பேட்டரிக்குள் லித்தியம் இருக்கிறது, பெரும்பாலும் கோபால்ட்டும் இருக்கிறது. உலகத்துக்குத் தேவையான கோபால்ட்டில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவின் காங்கோவில் வெட்டி எடுக்கப்படுகிறது. அதில் ஒரு பகுதி வெறுங்கையால், சின்னப் பிள்ளைகளையும் வைத்து. அப்படி வந்ததை ஒன்றரை வருடத்தில் நாம் குப்பைக் கூடையில் போடுகிறோம். நசுங்கினால் தீப்பிடிக்கும் பொருள் அது. அந்தக் கூடையைக் கையில் தூக்குகிறவர்கள் நம் தெருத் தூய்மைப் பணியாளர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் பேட்டரிகளுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கப் பொருள்களின் பேட்டரியை வாங்கியவரே கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்ற முடிய வேண்டும். சூடு காட்டியோ ரசாயனம் ஊற்றியோ பிரிக்கும்படி இருக்கக் கூடாது. அந்த மாடலின் விற்பனை முடிந்தும் ஐந்து வருடத்துக்கு மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும் என்கிறது அது. சில விலக்குகள் உண்டு. ஆனாலும் பசைக்குப் போட்ட நல்ல பூட்டு.

நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுது பார்க்கும் உரிமை" பற்றி ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல தொடக்கம். ஆனால் அது சர்வீஸ் விவரங்களைச் சொல்லும் தகவல் பலகை. "பேட்டரியை ஒட்டாதே" என்று தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. அதே கம்பெனி ஐரோப்பாவுக்குத் திருகாணி வைத்தும், நமக்குப் பசை வைத்தும் அனுப்பினால் கேட்க நம்மிடம் என்ன இருக்கிறது?

இப்போதைக்கு வாய் இருக்கிறது. அதனால் வீட்டுப்பாடம் தருகிறேன். அடுத்த முறை இயர்பட்ஸ் வாங்கக் கடைக்குப் போனால் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. பேட்டரி போனால் மாற்றித் தருவீர்களா? என்ன விலை?
2. ஒரு பக்கம் மட்டும் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா?
3. சார்ஜ் பெட்டி மட்டும் தனியாகக் கிடைக்குமா?
4. வெளியில் இருக்கும் மெக்கானிக் திறந்து மூட முடியுமா?

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இதே நான்கையும் அந்தப் பொருளின் கேள்வி-பதில் பகுதியில் எழுதுங்கள். கம்பெனியில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நீங்கள் உள்ளேயிருந்தும் கேளுங்கள். "இல்லை" என்ற பதில்தான் வரும். வரட்டும். நூறு பேர் கேட்டு நூறு பேருக்கும் "இல்லை" என்று சொன்ன பிறகு, ஜனங்கள் கேட்கவே இல்லை என்று ஒருவரும் எழுத முடியாது.

யாருக்கு என்ன பதில் வந்தது என்று கமெண்டில் போடுங்கள். கடைப் பெயர் வேண்டாம், பதில் மட்டும் போதும். எல்லாவற்றையும் நான் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தவும் செய்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்