இட்லிக்கடை அக்காவுக்கு மட்டும் ஏன் விஷம் இறங்கவில்லை?

போன வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போனால், நெற்றியிலிருந்து மார்பு வரை செக்கச்செவேல் என்று உட்கார்ந்திருக்கிறார். விசிறிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டே, "பயப்படாதடா, உள்ள இருக்கிற விஷம் எறங்குது" என்கிறார். உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏழு நாள் 'நச்சு நீக்க முகாம்'. காலையில் ஒரு கைப்பிடி வைட்டமின் மாத்திரை. அப்புறம் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீராவிப் பெட்டிக்குள் முக்கால் மணி நேரம். கட்டணம் 4,500 ரூபாய். ரசீது எங்கே என்றேன். "அதெல்லாம் யாரு கேட்டா?"

மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். நியாசின், 500 மில்லிகிராம். பி-3 வைட்டமின்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் கிட்டத்தட்டப் போதும். வேர்க்கடலையிலேயே தாராளமாக இருக்கிறது. மாத்திரையாக 35 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அமெரிக்க நிபுணர்கள் போட்ட வரம்பு. பெரியம்மா தினம் மூன்று மாத்திரை விழுங்குகிறார். இந்த அளவு உள்ளே போனால் தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரியும், முகம் சிவக்கும், அரிக்கும். கொழுப்பைக் குறைக்க இதை எழுதிக்கொடுத்த டாக்டர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. கல்லீரலைச் சோதித்துக்கொண்டேதான் கொடுப்பார்கள். இதே வைட்டமினின் இன்னொரு வடிவமான நியாசினமைடைச் சாப்பிட்டால் சிவப்பதில்லை. விஷம் மாத்திரை பார்த்துத்தான் இறங்குமோ?

இந்த வைத்தியத்தின் மூலபுருஷர் சித்தரும் இல்லை, டாக்டரும் இல்லை. அமெரிக்காவில் விஞ்ஞானக் கதை எழுதிக்கொண்டிருந்து, பிறகு சைன்டாலஜி என்று மதமே தொடங்கிய எல். ரான் ஹப்பார்ட். தோல் சிவந்தால் உடம்பில் தங்கிய கதிர்வீச்சு வெளியேறுகிறது என்றவர் அவர். ஒரு நாளைக்கு 5,000 மில்லிகிராம் வரை நியாசின், ஐந்து மணி நேரம் வரை சூட்டறை என்று 1970களின் கடைசியில் முறை வகுத்தார். நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு, தூசியைச் சுவாசித்த தீயணைப்பு வீரர்களையும் இதற்குள் உட்கார வைத்தார்கள். அந்தத் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் நடிகர் டாம் குரூஸ். நம் மண்டபத்தில் அதே சரக்குக்குப் பெயர் 'முன்னோர் முறை'. எந்த முன்னோர்? என் தாத்தா விளக்கெண்ணெய்க்கு மேல் எதையும் கண்டதில்லை.

சரி, நீராவிதான் விஷத்தை இறக்கும் என்றால், எங்கள் தெருமுனை இட்லிக்கடை அக்காவைப் பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கொப்பரையைத் திறந்தால் பத்து மணி வரை முகத்தில் ஆவிதான். முப்பது வருஷமாக. கட்டணம் இல்லை, பெட்டி இல்லை. இந்நேரம் அவர் உடம்பு கங்கை மாதிரி இருக்க வேண்டாமா? (கங்கை உவமை இப்போது எடுபடாது, விடுங்கள்.) அக்காவுக்குச் சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி மூன்றும் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் கதிர் அறுப்பவர்கள் சிந்தாத வியர்வையா? அவர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறது என்று தமிழ்நாட்டு டாக்டர்கள்தான் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வியர்வை என்பது தண்ணீரும் உப்பும். உடம்பின் சூட்டைத் தணிக்க வருவது. விஷம் பிரிக்கும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிற சிறுநீரகத்தை விட்டுவிட்டு, அக்குளை நம்பி 4,500 ரூபாய்!

உண்மையான விஷம் வேண்டுமா? கல் குவாரிப் பக்கம் போங்கள். லாரிக்குப் பின்னால் சைக்கிளில் வருகிறவன் விழுங்கும் தூசியை எந்தப் பெட்டி வெளியே எடுக்கும்? செருப்பும் கையுறையும் இல்லாமல் வயலில் மருந்தடிக்கிறவனுக்கு முகாம் போட எந்த மண்டபமும் கிடைப்பதில்லை. காந்த மெத்தைக்குக் கிடைக்கிறது, ஞாபகசக்தி வகுப்புக்குக் கிடைக்கிறது. முன்வரிசையில் உட்காருவது ஓய்வு பெற்ற வாத்தியார்கள். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

முகாம்காரரிடம் போய், எந்த விஷம், முதல் நாள் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது, ஏழாம் நாள் எவ்வளவு என்று கேட்டேன். "அனுபவத்துல தெரியும் சார்" என்றார். அந்த மண்டபத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வைகுண்டப் பெருமாள் கோயில். கி.பி. 919, 921இல் வெட்டிய, பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் கல்வெட்டு அந்தச் சுவரில் இருக்கிறது. ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் மறுபடி குடத்தில் பெயர் போடக் கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஊரில்தான் இவர் ஒரு கணக்கும் காட்டாமல் அடுத்த முகாமுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பெரியம்மா பெயர் பட்டியலில் மூன்றாவது. திங்கட்கிழமை அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கல்லீரல் சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொல்லப் போகிறேன். இட்லிக்கடை அக்காவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார், சர்க்கரை பார்க்க.