துலா ஸ்நானத்துக்கும் பாதுகாப்பு விதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐஸ் குளியல் மையங்களுக்கு அரசு விதிமுறை தேவை என்ற தங்கள் கட்டுரையை முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதே அக்கறை காவிரிப் படித்துறைகளுக்கும் வேண்டும். ஐப்பசி விடியலில் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று முங்கினால் மூச்சுத் திணறலாம், ரத்த அழுத்தம் எகிறலாம். சென்ற ஆண்டு துலா ஸ்நானம் எனும் ஐப்பசிக் காவிரி நீராடலில் என் பெரியம்மா முதல் முழுக்கிலேயே மூச்சடைத்துச் சாய்ந்தார். பாசி படிந்த படிக்கட்டு. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. பக்கத்தில் நின்ற பெண்தான் முந்தானையைப் பற்றி இழுத்தார். 1992 கும்பகோணம் மகாமக நெரிசலில் சுமார் 50 உயிர்களைப் பறிகொடுத்த பகுதி இது! ஐப்பசி கடைசி நாளின் கடைமுகத் தீர்த்தவாரிக்கு முன்பே படிகளைத் தேய்த்துக் கழுவி, கைப்பிடிக் கம்பியும் ஆழம் காட்டும் பலகையும் அமைத்து, ஒரு செவிலியரையும் 108 ஆம்புலன்ஸையும் மாவட்ட நிர்வாகம் நிறுத்தி வைக்க வேண்டும். இதய நோயாளிகள் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளும்படி ஒலிபெருக்கியில் சொல்லலாம்.

- ஒரு வாசகர், குடவாசல்