வீடு தேடி வரவேண்டிய வைத்தியம்

2009 மே மாதத்திற் போர் முடிந்தது. முள்ளந்தண்டிற் காயம்பட்டு வன்னியிலே படுக்கையாய்க் கிடப்போருக்கு அது முடியவில்லை. காலிழந்தவருக்குச் செயற்கைக்கால் உண்டு. இடுப்பின் கீழ் உணர்விழந்தவருக்கு எந்தக் காலைப் பொருத்துவது? குண்டுக்குத் தப்பியவரைப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே பின்னர் பலிகொள்கின்றன. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிட வேண்டும். நாள் தவறாது சுத்தமான சிறுநீர்க் குழாய் வேண்டும். வயல்வேலையும் பார்க்கும் மனைவி ஒருத்தியால் இது இயலுமா? தூரத்து ராகமை வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்ததா? ஊனமுற்றோர் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. கையொப்பம் புண்ணை ஆற்றாது. பிரதேசந்தோறும் வீடு தேடிச் செல்லும் தாதியரையும் இயன்மருத்துவரையும் போதிய அளவு நியமிக்கத் தனிநிதி ஒதுக்குமாறு சுகாதார மந்திரியைக் கேட்கிறோம். வைத்தியரான நம் வாசகர்களும் மாதத்தில் ஒருநாளை இதற்கு ஒதுக்கலாகாதா?