தாமதம் யார் தவறு?

தாளம் பிசகினால் பழி வாசித்தவர் மீதுதான் விழுகிறது. பல ஸ்டுடியோக்களில் உண்மைக் குற்றவாளி கம்ப்யூட்டர். அதற்குள் இருக்கும் மென்பொருள் வாத்தியம் சரியான நேரத்தில் ஒலிக்கிறது; வெளியே இருக்கும் சின்தசைசரோ பதிவில் பின்தங்குகிறது.

காரணம் எளிது. ஒலி 256 சாம்பிள்கள் கொண்ட கட்டுகளாகப் பயணிக்கிறது. விநாடிக்கு 44,100 சாம்பிள் என்றால் ஒரு கட்டுக்கு 5.8 மில்லி விநாடி. போக, வர இரு மடங்கு. 1983இல் அறிமுகமான மிடி இணைப்பில் ஒரு சுரத்துக்கான கட்டளை போய்ச்சேர இன்னும் சுமார் 1 மில்லி விநாடி.

பரிகாரம் உண்டு. சின்தசைசரை ஒரு 'டிக்' ஒலிக்கச் செய்து, பதிவாக்கி, எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து மென்பொருளிடம் சொல்லிவிட்டால், அது பதிவை அந்த அளவுக்கு முன்னே நகர்த்திவிடும். கட்டின் அளவை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

கலைஞரை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லும் முன் செய்ய வேண்டிய வேலை இது.