வழுக்கியது காலா, நியாயமா?

"பார்த்து நடக்கக் கூடாதா?"

வேலைத்தலத்தில் கால் வழுக்கி விழுந்த ஏழைக்கு நம் நாட்டில் முதலில் கிடைக்கும் மருந்து இந்தக் கேள்விதான். கட்டுப் போடுவது பிறகு. குற்றவாளி நீயே என்று தீர்ப்புக் கூறுவது முதலில்! நோய் தீர்ப்பதற்கென்றே நடத்தப்படும் இடத்திலும் இதே தீர்ப்புத்தான் வழங்கப்படுகிறது என்றால், அதை என்னவென்று சொல்வது?

புழலிலும் மாதவரத்திலும் செங்குன்றத்திலும் நர்சிங் ஹோம்கள் பெருகியிருக்கின்றன. லாரி ஓட்டுநரின் மனைவி பிள்ளை பெற அங்கேதான் போகிறாள். ஆலைத் தொழிலாளியின் தாய்க்கு மூச்சுத் திணறினால் அங்கேதான் தூக்கிச் செல்கிறோம். அங்கே இரவெல்லாம் விழித்திருந்து பணி செய்வோர் யார்? நர்சுகள், ஆயாக்கள், வார்டு பாய்கள், துப்புரவுத் தொழிலாளர்கள். வேறு யாருமல்லர், நம் வீட்டுப் பிள்ளைகள்! அண்ணன் எண்ணூரில் ஆலைக்குப் போகிறான். தங்கை புழலில் நைட் டூட்டிக்குப் போகிறாள்.

அண்ணனுக்கு ஒரு சட்டம் கிடைத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, தரையும் படியும் நடைபாதையும் உறுதியாக இருக்க வேண்டும், வழுக்கக்கூடிய பொருள் அவற்றின்மேல் கிடக்கலாகாது, தேவைப்படும் இடத்தில் கைப்பிடி அமைக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கட்டளையிட்டது. தங்கைக்கு? நர்சிங் ஹோம் தொழிற்சாலை அன்று. ஆகவே அந்தப் பிரிவு அங்கே எட்டிப் பார்க்கவில்லை. எண்ணெய் சிந்திய ஆலைத் தரைக்குச் சட்டம் உண்டு. பினாயில் சிந்திய வார்டுத் தரைக்கு இல்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் இதுதான் நிலை.

மருத்துவமனையில் ஆபத்துக் குறைவு என்பதாலா இப்படி? அல்ல. அமெரிக்க நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். வழுக்கியும் இடறியும் விழுந்து, வேலைக்கு வர முடியாமல் போனவர்கள் மருத்துவமனைகளில் 10,000 ஊழியருக்கு 38 பேர். மற்ற தனியார் தொழில்களில் 20 பேர். ஏறக்குறைய இருமடங்கு! இயந்திரம் சுழலும் இடத்தைக் காட்டிலும், கட்டில் கிடக்கும் இடத்தில் மனிதர் அதிகம் விழுகிறார்கள்.

காரணம் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஏதேனும் ஒரு வார்டுக்குள் நின்று பார்த்தால் போதும். பளபளக்கும் டைல்ஸ் தரை பார்வைக்கு அழகு. ஒரு சொட்டு நீர் பட்டால் கண்ணாடி. பினாயிலை அளவின்றி ஊற்றித் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைக்காமல் விட்டால், காய்ந்த பிறகும் ஒரு வழவழப்புத் தங்கிவிடுகிறது. குளியலறை வாசலில் எப்போதும் ஈரம். கட்டிலுக்குக் கட்டில் தாவும் வயர்கள். நடைபாதையில் சிலிண்டர், டிரிப் ஸ்டாண்டு, காலி ஸ்ட்ரெச்சர். மாடிப்படியில் எரியாத விளக்கு. காலிலோ, அடி தேய்ந்த ரப்பர் செருப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வருவோர் போவோர் காலெல்லாம் சேறு. அதைத் தடுக்கப் போட்ட சாக்கும் சுருண்டு காலைத் தடுக்கும்.

இத்தனைக்கும் நடுவே, பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு ஒரு பெண் ஓடுகிறாள். நோயாளி மணி அடிக்கிறார். ஓடாவிட்டால் ஏச்சு, ஓடினால் வீழ்ச்சி! அவள் தனியே விழுந்தால் ஒரு கை முறிகிறது. நோயாளியைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது விழுந்தால் இரண்டு உயிருக்கு ஆபத்து. ஆக, இது ஊழியர் பிரச்னை மட்டுமல்ல. அங்கே படுத்திருக்கும் நம் தாயின் பிரச்னையும்கூட.

"விதி, என்ன செய்ய முடியும்?" என்று கையை விரிப்போர் இதையும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் மூன்று மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு 1996 முதல் 2005 வரை ஆராய்ந்தார்கள். சிந்திய நீரை உடனே துடைக்க ஏற்பாடு, சரியான துப்புரவு முறை, வழுக்காத காலணி, நல்ல வெளிச்சம், வயர்களைக் கட்டி ஒதுக்குதல் என்று அனைத்தையும் சேர்த்துச் செய்தபோது, விழுந்து நஷ்ட ஈடு கேட்டவர் விகிதம் 58 சதவீதம் குறைந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையில் 4,500க்கு மேற்பட்ட ஊழியரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2021இல் வெளிவந்தது. வழுக்காத காலணி வழங்கப்பட்டவர்கள் வழுக்குவது 37 சதவீதம் குறைந்தது. அதே கால்கள், அதே தரை. மாறியது காலணி மட்டும்! கவனக்குறைவுதான் காரணம் என்றால், காலணி மாறியதும் கவனம் எங்கிருந்து வந்தது?

சட்டம் இப்போது ஓரளவு மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் பல பிரிவுகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்து நிற்கின்றன. அந்த வழக்கு ஓயவில்லை, ஓயவும் கூடாது. ஆயினும் கையில் கிடைத்த ஆயுதத்தை ஏன் துருப்பிடிக்க விட வேண்டும்? தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பு, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களைத் தன் எல்லைக்குள் கொண்டு வந்துள்ளது. காயம் விளைவிக்கும் ஆபத்து இல்லாத வேலைத்தலத்தைத் தருவது முதலாளியின் கடமை. நியமனக் கடிதம் தருவதும் கடமை. காயத்தால் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் அதிகாரிகளுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். பாதுகாப்புக் குறைவு பற்றி முறையிடுவது ஊழியரின் உரிமை. அண்ணனுக்கு 1948இல் வந்தது தங்கையின் வாசலுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. வாசலோடு நின்றுவிடாமல் உள்ளே அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். பதிவேட்டில் ஒன்பது பேர், கட்டிலருகே பதினைந்து பேர் என்னும் கணக்கு வித்தை எங்கேனும் நடந்தால் அதை அம்பலப்படுத்தவும் ஆள் வேண்டும்.

இ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்ற ஊழியர் வேலையின்போது விழுந்து படுத்தால், ஊதியத்தில் 90 சதவீதம் உதவித் தொகை உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உண்டு. ஊழியர் செலுத்துவது நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி மூன்றேகால் ரூபாய். ஆனால் விழுந்த செய்தியே ஏட்டில் ஏறாவிட்டால் உதவி எங்கிருந்து வரும்? "வீட்டில் விழுந்தேன் என்று சொல்லிவிடு" என்று யாரேனும் சொன்னால், அது ஆறுதல் அன்று. அவளுக்குரிய பணத்தைப் பறிப்பது!

"சிறிய நர்சிங் ஹோம், செலவு தாங்காது" என்பார்கள். எதற்குச் செலவு? நடைபாதையைப் பாதி பாதியாகத் துடைத்து, ஒரு பாதி உலர்ந்திருக்க வழிவிடுவதற்குக் காசு வேண்டாம். "தரை ஈரம்" என்று ஒரு பலகை, படிக்கு ஒரு விளக்கு, குளியலறையில் ஒரு கைப்பிடி, ஊழியருக்கு ஆண்டுக்கொரு ஜோடி நல்ல காலணி. இதற்கா கஜானா காலியாகும்? பக்கத்திலுள்ள புழல் ஏரி 330 கோடி கன அடி நீரைக் கரைக்குள் அடக்கி வைத்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரை நர்சிங் ஹோமால் அடக்க முடியாதா?

தோழர்களே! 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் திரண்டு, சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்ட வடசென்னை இது. ஆலை வாசலில் கொடியேற்றத் தெரிந்த நமக்கு நர்சிங் ஹோம் வாசல் ஏனோ கண்ணில் படவில்லை. இனியேனும் பட வேண்டும். உங்கள் தெருவில் டூட்டிக்குப் போகும் நர்சம்மாவிடம், ஆயாம்மாவிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: நியமனக் கடிதம் இருக்கிறதா? இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா? சென்ற மழைக்காலத்தில் யார் விழுந்தார்கள்? அது ஏட்டில் பதிந்ததா? பதில்களைத் தேதியோடு குறித்துச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பத்து நர்சிங் ஹோம்களின் பதில்கள் ஒன்று சேர்ந்தால், அது முறையீடு. முறையீட்டோடு ஊழியர் ஒன்று சேர்ந்தால், அது சங்கம்.

நோயாளியை எழுப்பி நடக்க வைக்கும் கைகள் அவை. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் விழாமல் நடக்க உலர்ந்த தரை கேட்பது சலுகை அன்று, உரிமை!